ஏவினால் வராத உறக்கம்



"முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை" என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பரீட்சைக்குப் படிக்கும் பையனுக்கும், தையல் பழகும் பெண்ணுக்கும், கடனை அடைக்கப் பாடுபடும் குடும்பத் தலைவனுக்கும் அது நல்ல உபதேசமே. ஆனால் அந்த உபதேசம் செல்லாத இடம் ஒன்று உண்டு. விளக்கை அணைத்துப் பாயில் படுத்தபின், "இதோ, இப்போதே தூங்கிவிட வேண்டும்" என்று ஒருவர் தீர்மானம் செய்துகொள்ளட்டும். எவ்வளவு உறுதியாகத் தீர்மானிக்கிறாரோ, அவ்வளவு தூரம் உறக்கம் விலகிப் போகும். பகலில் பலன் கொடுத்த முயற்சியே இரவில் இடையூறாக வந்து நிற்கிறது.

இந்த உண்மையை மற்றெவரையும்விட நன்றாக அறிந்தவர்கள் காதிரைச்சல் உள்ளவர்கள். அவர்களைப் பற்றியும், அவர்களோடு ஒரே கூரையின்கீழ் வாழும் நம்மைப் பற்றியும் இந்த வாரம் சற்றே யோசிப்போம். மன உறுதியால் வெல்ல முடியாத ஒரு துன்பத்தின்முன் மனிதனுடைய கடமை என்ன? போராடுவதா, பணிந்துவிடுவதா, அல்லது இரண்டுமல்லாத மூன்றாவது வழி ஏதேனும் உண்டா? இதுவே நம் கேள்வி.

வெளியே ஓசை ஒன்றும் இல்லாதபோதே காதுக்குள்ளோ தலைக்குள்ளோ ஓசை கேட்பதைத்தான் காதிரைச்சல் என்கிறோம். ஒருவருக்குச் சில்வண்டு கத்துவதுபோல் இருக்கும், மற்றொருவருக்கு விசில்போல், இன்னொருவருக்குத் தூரத்துக் கடல் இரைவதுபோல். பகலில் கடலூர் பஸ் நிலையத்திலும், மார்க்கெட்டிலும், பள்ளிக்கூட வாசலிலும் நூறு ஓசைகளுக்கு நடுவில் அது மறைந்து கிடக்கும். இரவு பத்து மணிக்குமேல் தெரு அடங்கியதும், அதுவரை பதுங்கியிருந்தது வீட்டுக்காரனைப்போல் நடு வீட்டில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இது பேய் பிசாசின் வேலையுமல்ல, புத்தி பேதலிப்பின் அறிகுறியுமல்ல. உலகில் வயது வந்தவர்களில் ஏறத்தாழ 14 சதவீதம் பேர் இதை உணர்ந்திருக்கிறார்கள் என்று, பல நாட்டு ஆராய்ச்சிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து 2022-இல் வெளியான கணக்கு ஒன்று கூறுகிறது. கோயிலில் நம் வரிசையில் அமர்ந்திருக்கும் ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு இது இருக்கக்கூடும் என்று பொருள். அவர்களில் பெரும்பாலோர் அதைப் பொருட்படுத்தாமல் வாழ்கிறார்கள். சிலருக்கோ அது உறக்கத்தையும் நிம்மதியையும் பறித்துவிடுகிறது.

இது எப்படி உண்டாகிறது? நத்தை ஓடுபோல் சுருண்டிருக்கும் உட்காதில், ஒவ்வொரு பக்கத்திலும் ஏறத்தாழ 15,000 மெல்லிய மயிரணுக்கள் இருக்கின்றன. ஓசையின் அதிர்வை நரம்புக்குரிய செய்தியாக மாற்றுபவை அவைதாம். மனிதருக்கு ஒரு முறை அழிந்தால் அவை மறுபடி முளைப்பதில்லை. அவை குறைந்து செய்தி வராதபோது, மூளை சும்மா இருப்பதில்லை. சரியாக எடுக்காத ரேடியோவின் ஒலியை நாம் கூட்டிப் பார்ப்பதில்லையா? அதுபோல மூளையும் தன் பங்குக்குக் கூட்டிப் பார்க்கிறது. அப்போது எழும் இரைச்சலே பெரும்பாலும் இந்த ஓசை என்று அறிஞர் கருதுகின்றனர்.

நம் பகுதியில் இதற்குக் காரணங்கள் நிறைய உண்டு. வருஷக்கணக்கில் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடலுக்குப் போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள். நெய்வேலிச் சுரங்கத்திலும் ஆலைகளிலும் ராட்சத இயந்திரங்களின் நடுவே உழைத்தவர்கள் இருக்கிறார்கள். தவில், பேண்டு வாத்தியம் வாசிப்பதைத் தொழிலாகக் கொண்டவர்களும் உண்டு. முதுமையும் ஒரு காரணம். காதுக் குறும்பி அடைத்துக்கொள்வதும், காதில் சீழ் வைப்பதும், அதிக அளவில் உட்கொள்ளும் ஆஸ்பிரின், முன்பு காசநோய்க்கு ஏராளமாகப் போடப்பட்ட ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி முதலிய சில மருந்துகளும் காரணமாகலாம்.

ஆகவே முதற் கடமை, வைத்தியரிடம் போவது. காதில் எண்ணெயைச் சுடவைத்து ஊற்றுவதும், கொண்டை ஊசியால் குடைவதும் வேண்டாம். கடலூர் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போகலாம். சிதம்பரம் அண்ணாமலைநகரில் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று அரசுக் கல்லூரியாக நடைபெறும் மருத்துவமனைக்கும் போகலாம். ஒரு காதில் மட்டும் இரைச்சல் கேட்டாலும், நாடித் துடிப்போடு சேர்ந்து தட்டினாலும், தலைச்சுற்றல் கூட வந்தாலும் தாமதிக்கலாகாது. திடீரென்று ஒரு காது கேளாமற்போனாலோ அன்றைக்கே போகவேண்டும். நாள் கடந்தால் திரும்பப் பெறக்கூடிய செவிப்புலனும் போய்விடலாம். கேள்வி குறைந்தவர்களுக்குக் காதுக் கருவி பொருத்தினால் இரைச்சலின் தொல்லையும் பலருக்குக் குறைகிறது.

நிற்க. இவ்வளவும் செய்தபின் பலருக்கு வைத்தியர் சொல்வது என்ன? "பயப்பட ஒன்றுமில்லை, இதை அடியோடு நிறுத்த மருந்து கிடையாது, பழகிக்கொள்ளுங்கள்" என்பதுதான். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு பஸ் ஏறி ஊர் திரும்புகிறவரின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். பழகிக்கொள்வது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. நம் கேள்வி உண்மையில் இங்கேதான் ஆரம்பமாகிறது.

அவர் வீடு வந்து, உண்டு, படுக்கிறார். படுத்ததும் முதலில் செய்வது, "இன்னும் கேட்கிறதா?" என்று காது கொடுத்துப் பார்ப்பது. கேட்கத்தான் கேட்கிறது. "இதைக் கேட்காமலிருக்க வேண்டும்" என்று மனத்தை இறுக்குகிறார். எதைக் கேட்கலாகாதோ அதைக் காவல் காக்கவேண்டுமானால், அதைக் கேட்டுக்கொண்டேதானே இருக்கவேண்டும்? மணி பதினொன்று. "இப்போது தூங்கினால்கூட ஆறு மணி நேரம்." மணி ஒன்று. "இனி நாலு மணி நேரந்தான்." இப்படிக் கணக்குப் போடப் போட நெஞ்சு படபடக்கிறது. ஆபத்து வந்துவிட்டதுபோல் உடம்பு விழித்துக்கொள்கிறது. பக்கத்தில் படுத்திருக்கும் மனைவி, "என்னங்க, இன்னும் தூங்கலையா?" என்று கேட்டால் அதுவும் குற்றம் சாட்டுவதுபோல் இருக்கிறது. இதில் அவருடைய மன உறுதிக்கு என்ன குறைவு? குறைவே இல்லை. இந்த இடத்துக்கு ஆகாத கருவியை முழு பலத்தோடு அவர் வீசுகிறார்.

"சுற்றிலும் முழு நிசப்தம் இருந்தால் தூங்கிவிடுவேன்" என்று சிலர் ஜன்னல்களையெல்லாம் அடைத்துக்கொள்வதுண்டு. அதுவும் உதவாது. 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு அமெரிக்க ஆராய்ச்சியாளர், காதில் குறையொன்றும் இல்லாத 80 பேரை ஓசை புகாத அறையில் சில நிமிஷங்கள் உட்காரவைத்து, என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார்கள். அவர்களில் நூற்றுக்கு 94 பேர் ஏதோ ஓர் ஓசை கேட்பதாக எழுதினார்கள். முழு நிசப்தம் என்பது நல்ல காதுள்ளவனுக்கே கிட்டாத ஒன்று. அது வந்தபிறகுதான் வாழ்வேன் என்று காத்திருப்பவன், வாழாமலே காத்திருக்க நேரிடும்.

அப்படியானால் வழி என்ன? நம் கடற்கரையே ஒரு பாடம் சொல்லித் தருகிறது. தேவனாம்பட்டினத்திலும் அதைச் சுற்றியுள்ள குப்பங்களிலும் பிறந்த குழந்தை, அலையோசையிலேயே வளர்ந்து, அலையோசையிலேயே உறங்குகிறது. உள்ளூரிலிருந்து விருந்துக்கு வந்தவர் இரவெல்லாம் புரண்டு படுப்பார். வீட்டுக்காரருக்கு அந்த ஓசை இருப்பதே தெரியாது. ஆனால் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் கடல் பொங்கி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அதன்பின் அதே கரையில், அதே அலையோசை, எத்தனையோ பேரை இரவில் திடுக்கிட்டு எழச் செய்தது. ஓசை கூடியதா? இல்லை. அதன் பொருள் மாறிவிட்டது. முன்பு "கடல் இருக்கிறது" என்று மட்டும் சொன்ன ஓசை, இப்போது "கடல் வருகிறது" என்று சொல்லியது. பிறகு மாதங்கள் கழிந்தன, வருஷங்கள் கழிந்தன. ஜனங்கள் மறுபடியும் வலை பின்னினார்கள், படகு இறக்கினார்கள், பிள்ளைகளைப் பெற்று வளர்த்தார்கள். பலர் மறுபடியும் அந்த ஓசையில் உறங்கவும் கற்றுக்கொண்டார்கள். கடல் அவர்களுக்காகத் தன் குரலைத் தாழ்த்திக்கொள்ளவில்லை. மெல்ல மெல்ல அச்சமே தாழ்ந்தது.

காதிரைச்சலுக்குப் பழகுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான். அச்சம் தராத ஓசையை மூளை தானாகவே ஒதுக்கிவைக்கும். கடலூர் துறைமுக ரயில் சந்திப்புக்கு அருகே குடியிருப்பவர் ரயில் கடந்துபோவதைக் கேளாமல் தூங்குவது அதனால்தான். இந்த இரைச்சல் உயிருக்கு ஆபத்தில்லை என்று பரிசோதித்து அறிந்தபின், "இரு, உன்னோடு எனக்குச் சண்டையில்லை" என்று விட்டுவிட்டால், அது குறையாவிட்டாலும் அதன் அதிகாரம் குறையும். யோக நூல்கள் சில, காதுகளை மூடிக்கொண்டு உள்ளே எழும் நாதத்தைக் கவனிக்கும் பயிற்சியைக் கூறுகின்றன. அந்த நாதமும் இந்த இரைச்சலும் ஒன்றென்று சொல்ல வரவில்லை. உள்ளே ஓசை கேட்பது எல்லாருக்கும் திகிலாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை என்பதை மட்டும் கவனியுங்கள்.

ஆனால் விட்டுவிடுவதும் ஓர் ஏவலால் நடப்பதில்லை. அச்சமும் "போ" என்றால் போய்விடாது. இங்கே மனித முயற்சிக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. உப்பனாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றிய வேளையில் படகோட்டி என்ன செய்கிறான்? ஓதத்தைக் கயிறு கட்டி இழுக்கிறானா? வலையைச் சீராக்குகிறான், படகை நேராக நிறுத்துகிறான், நீர் ஏறும்போது புறப்பட ஆயத்தமாக இருக்கிறான். ஓதம் அவன் கையில் இல்லை. படகு அவன் கையில் இருக்கிறது.

அப்படி நம் கையில் இருப்பவை சில உண்டு. இரவு எப்படிக் கழிந்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுவது முதலாவது. பகலில் நெடுநேரம் படுத்து ஈடுசெய்யாமலிருப்பது இரண்டாவது. மாலைக்குமேல் காப்பி, டீயை நிறுத்துவதும், மணி பார்க்க முடியாதபடி கடிகாரத்தையும் கைபேசியையும் எட்டி வைப்பதும் அடுத்தவை. முழு நிசப்தத்தைத் தேடாமல், மின்விசிறியின் ஓசையோ தாழ்ந்த குரலில் ரேடியோவோ அறையில் இருக்கட்டும். அப்போது உள்ளோசை தனி அரசாளாது. படுத்துச் சுமார் இருபது நிமிஷத்தில் உறக்கம் வராவிட்டால் எழுந்து வந்து, மங்கிய வெளிச்சத்தில் அமைதியான காரியம் ஏதேனும் செய்துவிட்டு, கண் அயரும்போது மட்டும் படுக்கைக்குத் திரும்புங்கள். படுக்கை போர்க்களமாவதைத் தடுக்கும் இந்த முறையை அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ரிச்சர்டு பூட்ஸின் 1972-இல் விவரித்தார். இன்று உறக்கமின்மைக்கும் காதிரைச்சலால் வரும் துயருக்கும் எண்ணப் போக்கையும் பழக்கத்தையும் திருத்தும் சிகிச்சையே பெரிதும் சிபாரிசு செய்யப்படுகிறது. சில வாரங்கள் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும். ஓரிரவுக்குள் பலன் கேட்பது பழைய ஏவலேயாகும்.

ஜெபத்தைப் பற்றியும் ஒரு சொல். உறக்கம் வராத வேளையில் ஜெபமாலையைக் கையில் எடுப்பவர் பலர். நல்லதே. ஆனால் ஐம்பத்துமூன்று மணி முடிவதற்குள் தூங்கிவிட வேண்டும் என்ற கணக்கோடு சொன்னால், ஜெபமும் மாத்திரையாகிவிடும். தூக்கம் வராத இரவில், "என் ஜெபங்கூடக் கேட்கப்படவில்லை" என்ற மனக்கசப்பும் சேரும். ஜெபத்தை ஜெபமாகவே சொல்லுங்கள். உறக்கம் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி என்றிருப்பதே அதற்கு அழகு.

"இது தோல்விதானே? விதியே என்று கிடப்பதற்கு வேறு பெயர் வைக்கிறீர்களே" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. 1801-ஆம் வருஷம், முப்பது வயதான பேத்தோவன் என்ற இசை மேதை, வைத்தியரான தம் நண்பர் வேகலருக்கு, இரவும் பகலும் தம் காதுகள் இரைந்துகொண்டே இருக்கின்றன என்றும், தாம் செவிடர் என்று சொல்ல நாணி மனிதர் கூட்டத்தையே தவிர்ப்பதாகவும் எழுதினார். அடுத்த வருஷம் வியன்னாவுக்கருகில் ஒரு கிராமத்தில் தங்கியிருந்தபோது, உயிரை விட்டுவிடலாம் என்று எண்ணியதையும், தம் கலையே தம்மைத் தடுத்ததையும் சகோதரருக்குரிய கடிதமொன்றில் எழுதிவைத்தார். அவருடைய காது குணமாகவில்லை, முற்றிலும் செவிடாயிற்று. ஒன்பதாவது சிம்பனி 1824 மே 7-ஆம் தேதி அரங்கேறியது. காது குணமாகட்டும் என்று காத்திருந்தால் அது பிறந்தே இராது. விதியே என்று கிடப்பவன் வேலையையும் விட்டுவிடுகிறான். பேத்தோவன் குணமாவதற்கான நிபந்தனையை விட்டார், வேலையை விடவில்லை.

இதைச் சொல்லி நோயாளிகளை அதட்டவேண்டாம். எல்லாரும் பேத்தோவன் ஆகவேண்டியதில்லை. மூன்று மணி நேரமே தூங்கிய ஒரு தாய், விடியற்காலை எழுந்து இட்லி ஊற்றி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, சிடுசிடுக்காமல் பள்ளிக்கு அனுப்புகிறாளே, அவளுடைய வீரம் எந்தச் சங்கீதத்துக்கும் இளைத்ததல்ல. அதைக் கேட்டுக் கைதட்டத்தான் யாருமில்லை.

இனி, நல்ல காதுள்ள நம் கடமைக்கு வருவோம். ஜுரத்துக்குத் தெர்மாமீட்டர் உண்டு. காயம் கண்ணுக்குத் தெரியும். இந்தத் துன்பத்துக்கோ சாட்சி இல்லை. கேள்வி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று கருவி காட்டும். உள்ளே கேட்கும் இரைச்சலைப் பக்கத்திலிருப்பவர் கேட்கப் பெரும்பாலும் வழியில்லை. ஆகவே அவருடைய வாய்ச்சொல்லை நம்புவதைத் தவிர நமக்கு வேறு ஆதாரமில்லை. "எங்களுக்கு ஒன்றும் கேக்கலையே, தாத்தா!" என்று பேரப்பிள்ளைகள் சிரிப்பதும், "எல்லாம் மனப்பிரமை" என்று மருமகன் தள்ளிவிடுவதும், "உங்களுக்கு விசுவாசம் போதாது" என்று பக்கத்து வீட்டார் தீர்ப்புச் சொல்வதும், அவரை ஓசையோடு தனியாக ஓர் அறையில் போட்டுப் பூட்டுவதற்குச் சமம். கண்ணால் காணாததையும் நம்பத் தெரிந்தவர்கள் என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோமே. வீட்டிலிருப்பவரின் சொல்லை நம்புவது அதைவிடக் கடினமா?

நம்புவதற்கு அடையாளமாகச் சிறு காரியங்கள் போதும். முகத்தைப் பார்த்து, சற்று நிதானமாகப் பேசுங்கள். காலைதோறும் "ராத்திரி தூங்கினீர்களா?" என்று பரீட்சை வைக்காதீர்கள், அந்தக் கேள்வியே அடுத்த இரவின் பாரமாகும். அவர் நடுராத்திரியில் எழுந்து திண்ணையில் உட்கார்ந்தால், அதற்கு விசாரணை வேண்டாம். ஆனால் "இப்படி வாழ்வதைவிடப் போய்ச் சேரலாம்" என்ற பேச்சு அவர் வாயில் வந்தால் அதைச் சலிப்பென்று விட்டுவிடாதீர்கள். தனியே விடாமல் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416. எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம்.

மற்றொன்றும் உண்டு, சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. காதுகளைக் கெடுக்கும் ஓசையில் நம் பங்கும் இருக்கிறது. இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி வைக்கலாகாது என்பது 2000-ஆம் வருஷத்து மத்திய அரசு விதி; விழா நாட்கள் சிலவற்றுக்கு மட்டும் மாநில அரசு நள்ளிரவுவரை விலக்கு அளிக்கலாம். குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபெல் என்று எல்லையும் வகுத்திருக்கிறது. திருவிழாவானாலும், கலியாணமானாலும், காது குத்தானாலும், குழாயை ஊர் முழுவதற்கும் திருப்பிவைப்பதைப் பக்தியென்றும் பாசமென்றும் எண்ணிக்கொள்கிறோம். நம் ஒலிபெருக்கிக்கு எதிர்வீட்டில், அப்போதுதான் கண் அயர்ந்த ஒருவர் இருக்கலாம். பேண்டு செட்டுக்கு முன்னும் பெட்டிக்கு அருகிலும் நின்று ஆடும் நம் பிள்ளைகளின் காதுகளில், திரும்ப முளைக்காத மயிரணுக்கள் இருக்கின்றன. பிறருடைய உறக்கத்தை எடுப்பதும் பிறர் பொருளை எடுப்பதே.

ஆக, இந்தத் துன்பத்தில் சில காரியங்கள் ஏவலுக்குக் கட்டுப்படும், சில கட்டுப்படா. ஒலிபெருக்கியைத் தாழ்த்துவது கட்டுப்படும், இன்றே செய்யலாம். வைத்தியரிடம் போவதும், ஒரே நேரத்தில் எழுவதும், வீட்டிலிருப்பவரின் சொல்லை நம்புவதும் கட்டுப்படும். உறக்கமும் உள்ளமைதியும் கட்டுப்படா. அவை கொடையாக வருபவை. கட்டுப்படுபவற்றைச் செய்து முடித்தவர், மற்றதற்காகத் தம்மைத்தாமே கடிந்துகொள்ள வேண்டியதில்லை. இன்றிரவு அந்த ஓசை கேட்டால் கேட்கட்டும். விசிறியைச் சுழலவிட்டு, கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் படுங்கள்.